இழுப்பறையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்: வாசகர் கேள்வி–பதில்

லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் வீட்டு இழுப்பறைக்கு வந்துவிடுகிறது. அதை எக்ஸ்டெர்னல் ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

பதில்களுக்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள். டிஸ்க்கில் உங்களுக்குத் தேவையான ஃபைல் ஒன்றே ஒன்று இருந்தாலும் சரி, முதல்முறை செருகும்போது விண்டோஸ் 'ஃபார்மட்' என்றோ 'இனிஷியலைஸ்' என்றோ கேட்டால் 'கேன்சல்' மட்டும் அழுத்துங்கள். என்ன கோளாறு என்று பிறகு நிதானமாகப் பார்க்கலாம். 'ஓகே' அழுத்திவிட்டால் அந்த நிதானம் கிடைக்காது.

கேள்வி: என் லேப்டாப்பில் இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார் கடைக்காரர். இதை எக்ஸ்டெர்னலாகப் பயன்படுத்த என்ன வாங்க வேண்டும்? எப்படி மாட்ட வேண்டும்? – வாசகர், விருதுநகர்

பதில்: வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள்: கேசிங். டிஸ்க்கை உள்ளே வைத்து மூடும் பெட்டி அது. டிஸ்க் பேசும் சாட்டா மொழியை யுஎஸ்பிக்கு மாற்றும் சின்ன போர்டும் அதற்குள்ளேயே இருக்கும். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது.

கடைக்குப் போகும் முன் டிஸ்க்கை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். லேப்டாப் டிஸ்க் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் இருக்கும். கடையில் '2.5 இன்ச்' என்று சொல்வது இதைத்தான். தடிமனைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். 7 மில்லிமீட்டரும் 9.5 மில்லிமீட்டரும் பரவலாக உண்டு. பெரும்பாலான கேசிங்குகள் 9.5 வரை ஏற்கும். ஆனால் 7 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு மட்டும் செய்த மெல்லிய கேசிங்குகளும் அதே அலமாரியில்தான் தொங்கும். பழைய 1 டிபி, 2 டிபி டிஸ்க்குகளில் 12.5 அல்லது 15 மில்லிமீட்டர் தடிமன் உள்ளவையும் இருக்கின்றன. அவற்றுக்குத் தடித்த கேசிங் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் மூடி மூடாது.

அடுத்து டிஸ்க்கின் ஓரத்தில் உள்ள இணைப்பைப் பாருங்கள். ஆங்கில 'எல்' எழுத்து வடிவில் இரண்டு நாக்குகள், சின்னதில் 7 தங்கநிறப் பட்டைகள், நீளமானதில் 15 பட்டைகள் என்றால் அது சாட்டா. ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய ஐடிஇ. அதைப் பற்றிக் கீழே யாழ்ப்பாண வாசகருக்கு எழுதியிருக்கிறோம்.

'2.5 இன்ச் சாட்டா, யுஎஸ்பி 3' என்று கேளுங்கள். 2.0 கேசிங் விலை குறைவு என்று வாங்கினால் வேகம் நொடிக்கு 30 முதல் 40 எம்பியோடு நின்றுவிடும். லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றால் 100 எம்பி வரை தர முடியும். அந்தச் சின்ன விலை வித்தியாசத்துக்காக ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்குக்கு மேல் காத்திருப்பது வீண்.

கேசிங்கின் சாக்கெட் டைப்-சியாக இருந்தால் நல்லது. அகலமான மைக்ரோ-பி சாக்கெட் நாளடைவில் தளர்ந்து, லேசாகக் கை பட்டாலே இணைப்பு விட்டுப்போகும். மலிவான டைப்-சி கேசிங்குகள் சிலவற்றில் இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளைப் போட்டால் உயிரே வராது. மின்சாரம் கேட்பதற்காக அந்தச் சாக்கெட்டில் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் வைக்காமல் விட்டிருப்பார். கேசிங்கோடு வந்த, ஒரு முனை பழைய நீள்சதுர யுஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டால் வேலை செய்யும்.

இனி மாட்டும் வேலை. லேப்டாப்பிலிருந்து வந்த டிஸ்க்கில் தகர பிராக்கெட், ரப்பர் உறை, கனெக்டர் மேல் ஒரு சின்ன இடைத்துண்டு ஆகியவை ஒட்டிக்கொண்டே வந்திருக்கலாம். பிராக்கெட்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். இடைத்துண்டை ஆட்டாமல் நேராக இழுத்தால் வந்துவிடும். அது இருக்கிற வரை கேசிங்கில் டிஸ்க் ஏறாது. பலர் 'கேசிங் சேரவில்லை' என்று திருப்பிக் கொடுப்பது இந்தத் துண்டைக் கவனிக்காததால்தான்.

டிஸ்க்கை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். மேல்மூடியை அழுத்தாதீர்கள். மூடியில் உள்ள குண்டூசித் தலை அளவு துளை மூச்சுத்துளை. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. கேசிங்கின் கனெக்டருக்கு நேராக டிஸ்க்கைத் தட்டையாக வைத்துத் தள்ளினால் மெல்லிய அழுத்தத்திலேயே உள்ளே போய்விடும். போகவில்லை என்றால் டிஸ்க் தலைகீழாக இருக்கிறது, திருப்பிப் போடுங்கள். பலம் காட்டினால் அந்த 'எல்' நாக்கு உடையும். உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை.

7 மில்லிமீட்டர் டிஸ்க்கை 9.5 கேசிங்கில் போட்டால் ஆடும். கேசிங்கோடு வரும் ஸ்பாஞ்சை மறக்காமல் வையுங்கள். ஆடுகிற டிஸ்க் கனெக்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். பிறகு காப்பி பாதியில் நிற்கும்போது யாரும் ஸ்பாஞ்சைச் சந்தேகிப்பதில்லை.

மூடும் முன் செருகிப் பாருங்கள். விரலை டிஸ்க் மேல் லேசாக வைத்தால் சுழற்சியின் மெல்லிய அதிர்வு தெரியும். சில நொடிகளில் 'திஸ் பிசி'யில் டிரைவ் எழுத்து வந்துவிடும்.

வரவில்லையென்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். டிஸ்க் அங்கே இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாக ஒன்றைக் கொடுத்தால் போதும். 'ஆஃப்லைன்' என்று காட்டினால், கடைக்காரர் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள். புது எண் எழுதப்படும், ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குப் பின் அந்த டிஸ்க்கைத் திரும்ப லேப்டாப்பில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

கேள்வி: கேசிங்கில் போட்டுச் செருகினால் லைட் எரிகிறது. 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறது. கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவில்லை. டிஸ்க் போய்விட்டதா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். மின்சாரம் போதாமல் இருந்தாலும் இதே சத்தம் வரும்.

டிஸ்க்கின் லேபிளில் '5 வோல்ட்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு ஆம்பியர் அளவு இருக்கும், 0.55 என்றோ 0.7 என்றோ 1.0 என்றோ. நின்றிருக்கும் தட்டைச் சுழற்றித் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் லேப்டாப் டிஸ்க் ஏறக்குறைய 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி தர வேண்டியது 0.5 ஆம்பியர், 3.0 போர்ட் 0.9 ஆம்பியர். பல போர்ட்டுகள் விதியைவிடக் கூடுதலாகத் தருவதால்தான் பெரும்பாலும் பிரச்சினை தெரிவதில்லை. தராத போர்ட்டில் தட்டு பாதி வேகம் பிடித்து நின்றுவிடும், மறுபடி முயலும், மறுபடி நிற்கும். நீங்கள் கேட்கும் 'டிக்' அதுவாக இருக்கலாம். லைட் எரிவதற்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுக்குக் கேபினட்டுக்குள் நீளமான ஒயர் ஓடுகிறது. வோல்டேஜ் அங்கேயே இறங்கிவிடும். எக்ஸ்டென்ஷன் கேபிள், அடாப்டர் இல்லாத ஹப் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அரை மீட்டருக்கு மேற்படாத வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் இன்னும் வரவில்லை என்றால் இரண்டு பிளக் உள்ள 'ஒய்' கேபிளோ, தனி அடாப்டர் உள்ள ஹப்போ போட்டுப் பார்க்கலாம்.

நல்ல மின்சாரம் கிடைத்தும் சீரான இடைவெளியில் 'டிக்' தொடர்ந்தால், படிக்கும் ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். அப்போது மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் ஹெட் தட்டை உரசக்கூடும். ஃபிரீஸரில் வைப்பது, மேஜையில் தட்டுவது போன்ற வைத்தியங்களை இந்த டிஸ்க்குகளிடம் காட்டக்கூடாது. உள்ளே ஈரம் படிந்தால் மீட்கக்கூடியதும் போய்விடும். ஃபைல்கள் முக்கியம் என்றால், தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள். மேல்மூடியை வீட்டில் திறக்கவே கூடாது.

கேள்வி: டிஸ்க் தெரிகிறது. ஆனால் என் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. தம்பியின் டிஸ்க்கோ 48 இலக்க எண் கேட்கிறது. இரண்டும் ஒரே கோளாறா? – வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. முதலாவது எளிது, இரண்டாவது எண் இல்லாமல் முடியாது.

உங்கள் ஃபோல்டர் பழைய விண்டோஸில் இருந்த உங்கள் கணக்குக்குச் சொந்தம். புதிய விண்டோஸில் நீங்கள் அதே பெயரில் இருந்தாலும் அது வேறு ஆள் என்றே கணக்கு. 'கன்டினியூ' அழுத்தினால் விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலாக அனுமதியை மாற்றிக்கொண்டு போகும். பச்சைக் கோடு மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால் அரை மணி நேரம்கூட ஆகலாம். தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் கேபிளைப் பிடுங்காதீர்கள். 'கன்டினியூ' பலிக்கவில்லை என்றால் ஃபோல்டரின் 'பிராப்பர்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று போய், 'ஓனர்' என்ற இடத்தில் 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் கணக்கைக் கொடுங்கள். கீழே உள்ள துணை ஃபோல்டர்களுக்கான டிக்கையும் போட வேண்டும். டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் காப்பி மட்டும் எடுக்க வேண்டும் என்றால் லினக்ஸ் மிண்ட்டையோ உபுண்டுவையோ பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அது விண்டோஸின் அனுமதிகளைப் பொருட்படுத்தாது.

தம்பியின் டிஸ்க், விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின் செய்யும் புதிய லேப்டாப்கள் பலவற்றில் இது தானாகவே நடந்துவிடுகிறது. பூட்டியதே உரிமையாளருக்குத் தெரிந்திருக்காது. அந்த லேப்டாப்பில் பயன்படுத்திய அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிரவுசர் வழியாக நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் 'ரெக்கவரி கீ' பாருங்கள். பல கீ இருந்தால், திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுக்க வேண்டும். கீ எங்குமே கிடைக்கவில்லையென்றால் டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் பயன்படுத்தலாமே தவிர, உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். இனி டிஸ்க்கைக் கழற்றப் போகிறவர்கள், கழற்றுவதற்கு முன்பே பழைய லேப்டாப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: டெஸ்க்டாப் டிஸ்க்கை இதேபோல மாற்ற முடியுமா? 4 டிபி டிஸ்க் இருக்கிறது. வீட்டில் பழைய 12 வோல்ட் அடாப்டர்களும் இருக்கின்றன. – வாசகர், ஈரோடு

பதில்: முடியும். ஆனால் டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும். யுஎஸ்பி போர்ட் அதைத் தராது. அதனால் 3.5 இன்ச் கேசிங்கோ, டிஸ்க்கை ரொட்டி டோஸ்டரில் போடுவதுபோல் மேலிருந்து செருகும் டாக்கோ எதுவானாலும் தனி அடாப்டரோடு வரும்.

அந்த அடாப்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர். வைஃபை ரவுட்டரின் அடாப்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்தான், பிளக்கும் அதேபோல் பொருந்தும். ஆனால் அது பல நேரம் 1 ஆம்பியர் மட்டுமே தரும். தட்டைச் சுழற்றித் தொடங்க அது போதாது. டிஸ்க் எழுந்து எழுந்து விழும். இதைவிட ஆபத்து லேப்டாப் அடாப்டர். அதன் பிளக் நுழைந்துவிட்டால் 19 வோல்ட் நேரே போர்டுக்குள் போய், கேசிங்கையும் டிஸ்க்கின் போர்டையும் சேர்த்தே எரித்துவிடும். கேசிங்கின் அடாப்டரில் பெயின்ட் மார்க்கரால் 'ஹார்ட் டிஸ்க்' என்று எழுதி வையுங்கள்.

4 டிபி என்பதால் வாங்கும் முன் கேசிங் அட்டையில் அதிகபட்ச அளவைப் பாருங்கள். பழைய போர்டுகளால் 2.2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால் காரணம் இதுதான். டிஸ்க் காலி என்றால் இனிஷியலைஸ் செய்யும்போது, டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் புதிய முறையான 'ஜிபிடி'யைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான 'எம்பிஆர்' கொடுத்தால் 2 டிபிக்கு மேற்பட்ட இடம் பயன்படாமல் கிடக்கும்.

சில கேசிங்குகள் டிஸ்க்கின் செக்டர் (டிஸ்க் எழுதும் மிகச் சிறிய துண்டு) அளவை 512 பைட்டிலிருந்து 4096 பைட்டாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. அப்படிப்பட்ட கேசிங்கில் எழுதிய டிஸ்க்கை வேறு கேசிங்கிலோ நேராக மதர்போர்டிலோ மாட்டினால் காலியாகத் தெரியும், விண்டோஸ் ஃபார்மட் கேட்கும். அழிந்துவிடவில்லை. பழைய கேசிங்கில் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். கேசிங் மாற்ற நினைத்தால் முதலில் ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

கரன்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் இன்னொன்று. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், 3.5 இன்ச் கேசிங் மட்டும் அந்த நொடியே அணையும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாழாகும், சில சமயம் ஃபைல் அட்டவணையே சிதைந்து, ஃபார்மட் புரியவில்லை என்ற பொருளில் 'ரா' என்று காட்டும். கேசிங்கின் அடாப்டரை யுபிஎஸ்ஸில் செருகுங்கள். மூடிய பிளாஸ்டிக் கேசிங்கில் மணிக்கணக்காகக் காப்பி செய்தால் டிஸ்க் நன்றாகச் சூடேறும். 50 டிகிரி தாண்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். அலுமினியப் பெட்டி நல்லது.

கேள்வி: 2005 அளவில் வாங்கிய கணினியின் வன்தட்டு ஒன்று உள்ளது. அகலமான பட்டி ஒயரில் இணைத்திருந்தது. அதிலுள்ள படங்களை எடுக்க வழி உண்டா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. அது ஐடிஇ வன்தட்டு, 40 ஊசி உள்ளது. சாட்டா கேசிங்கில் அது சேராது. 'ஐடிஇ, சாட்டா இரண்டுக்குமான யுஎஸ்பி அடாப்டர்' கேளுங்கள். கூடவே நான்கு முனை மோலெக்ஸ் பிளக் உள்ள மின் அடாப்டரும் வர வேண்டும். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

ஊசிகளுக்கும் மின் பிளக்குக்கும் நடுவே ஒரு சின்ன ஜம்பர் தொப்பி இருக்கும். அது 'ஸ்லேவ்' இடத்தில் இருந்தால் அடாப்டர் வன்தட்டைக் காணாது. லேபிளில் உள்ள படத்தைப் பார்த்து 'மாஸ்டர்' இடத்துக்கு மாற்றுங்கள். தரவு இணைப்பை முதலில் செருகி, மின்சாரத்தைப் பிறகு கொடுங்கள்.

இதுவே பழைய லேப்டாப்பின் 44 ஊசித் தட்டாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கோடியில் சற்று இடைவெளி விட்டு நான்கு ஊசிகள் தனியாக நிற்கும். அவை ஜம்பருக்கானவை. பிளக்கை அந்தப் பக்கம் தள்ளி மாட்டிவிட்டால் மின்சாரம் வேறு ஊசிக்குப் போய்ப் போர்டு எரியும்.

இவ்வளவு பழைய தட்டு எத்தனை முறை எழும் என்று உறுதி கிடையாது. இயங்கியதும் அதில் எதையும் திறந்து பார்த்து ரசிக்க வேண்டாம். படங்கள் உள்ள ஃபோல்டரை முதலில் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: எந்த ஃபார்மட் நல்லது? டிவியிலும் போட வேண்டும். மேலும், சின்னச் சின்னதாக உள்ள பார்ட்டிஷன்களில் ஒன்று மட்டும் டெலிட் ஆக மறுக்கிறது. – வாசகர், கும்பகோணம்

பதில்: விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்டிஎஃப்எஸ். பாதியில் கேபிள் கழன்றாலும் அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு அதற்கு உண்டு. எக்ஸ்ஃபேட்டுக்கு அது இல்லை. மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் இன்னொரு குறை: பெரிய டிஸ்க்கில் வழக்கமாக 128 கேபி துண்டுகளாக இடம் ஒதுக்கும். 1 கேபி ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். சினிமா, வீடியோ வைக்க இது பொருட்டில்லை, ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல் வைக்கிறவர்களுக்கு இடம் வீணாகும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது.

டிவிகள் பலவும் என்டிஎஃப்எஸ் படிக்கின்றன. உங்கள் டிவியின் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டிவி 'டிவைஸ் ஸ்டோரேஜ்' ஆக்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்டால் டிஸ்க்கை அழித்துத் தனக்கு மட்டுமே புரியும்படி பூட்டிவிடும்.

டெலிட் ஆகாதது, பூட் ஆவதற்கான ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனாக இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைத் தொடவிடாது. டிஸ்க்கில் எதுவும் வேண்டாம் என்பது நிச்சயம் என்றால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் டிஸ்க்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் டிஸ்க்கின் அளவைப் பாருங்கள். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டியும் அதே அளவு என்றால் இங்கேயே நிறுத்தி, எக்ஸ்டெர்னலைக் கழற்றிவிட்டு மறுபடி பட்டியல் எடுங்கள். எந்த எண் மறைகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. திரும்பச் செருகினால் எண் மாறியிருக்கலாம் என்பதால் பட்டியலை இன்னொரு தடவை பார்த்து உறுதிசெய்த பிறகு 'செலக்ட் டிஸ்க்' என்று எண்ணோடு கொடுத்து, கடைசியாக 'கிளீன்'. அது உறுதி கேட்காது, உடனே அழித்துவிடும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடியாக இனிஷியலைஸ் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால் முழு டிஸ்க்கும் ஒரே டிரைவாகிவிடும்.

கேள்வி: பழைய டிஸ்க்கை நம்பிக் குடும்பப் படங்களை வைக்கலாமா? சிசிடிவி டிவிஆரிலிருந்து கழற்றிய டிஸ்க்கும் ஒன்று இருக்கிறது. – வாசகி, நாகர்கோவில்

பதில்: வைக்கும் முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். பெரும்பாலான யுஎஸ்பி கேசிங் வழியாகவும் டிஸ்க்கின் உடல்நிலையை அது படிக்கும். எண்கள் பதினாறடிமானத்தில் வந்து குழப்பும். 'ஃபங்ஷன்' மெனுவில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்', 'ரா வேல்யூஸ்' போய் 10 அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளும் சுழியாக இருக்க வேண்டும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 05 சில எண்ணிக்கையில் நின்று மாதக்கணக்காக ஏறாமல் இருந்தால் சினிமா போட்டுவைக்கலாம். சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் எதையும் வைக்காதீர்கள். சி7 ஏறினால் பழி பெரும்பாலும் டிஸ்க்கின் மேல் இல்லை. கனெக்டரோ இணைப்போ தளர்ந்திருக்கிறது.

கெட்டுவரும் டிஸ்க்கில் ஃபைல் இருந்தால் 'செக்டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கைச் சரிசெய்யும் முயற்சியில் உள்ளதை மாற்றி எழுதும். முதலில் காப்பி, எதுவாக இருந்தாலும் பிறகுதான்.

டிவிஆர் டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் பெரும்பாலும் இனிஷியலைஸ் கேட்கும். டிவிஆர்கள் பலவும் தமக்கே உரிய முறையில் எழுதுவதால் விண்டோஸுக்கு அது காலி டிஸ்க்காகத் தெரிகிறது. பதிவுகள் தேவையென்றால் அதே டிவிஆரில் திரும்ப மாட்டி, அதன் பேக்கப் மெனு வழியாகப் பென் டிரைவில் எடுங்கள். தேவையில்லை என்றால் அழித்துப் பயன்படுத்தலாம். ஆனால் 09 என்ற வரியைப் பாருங்கள், ஓடிய மணி நேரம் அது. இரவு பகலாக மூன்று வருடம் ஓடிய டிஸ்க் 26,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். குடும்பப் படங்களுக்கு அதை இரண்டாவது பிரதியாக மட்டும் வையுங்கள். ஒரே பிரதியாக எந்தப் பழைய டிஸ்க்கிலும் வைக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது சூயிங்கம் பட்டை போன்ற எம்.2. அதற்கும் கேசிங் உண்டா? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: உண்டு. ஆனால் எம்.2 என்பது வடிவம் மட்டுமே, உள்ளே சாட்டாவும் இருக்கலாம், அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இயும் இருக்கலாம். இணைப்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதே நிச்சயமானது. சந்தேகம் தீரவில்லை என்றால் ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ள கேசிங் வாங்குங்கள், இரண்டையும் ஏற்கும். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். என்விஎம்இ நன்றாகச் சூடாகும். கேசிங்கோடு வரும் வெப்பப் பட்டையின் இரு பக்க பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு பக்கத் தாளை விட்டுவிட்டால் சூடு வெளியேறாமல் காப்பி நடுவில் வேகம் சரியும்.

கேள்வி: கடையில் வாங்கிய எக்ஸ்டெர்னலின் யுஎஸ்பி சாக்கெட் உடைந்துவிட்டது. உள்ளே உள்ள டிஸ்க்கை எடுத்துப் புதுக் கேசிங்கில் போடலாமா? – வாசகர், கரூர்

பதில்: உள்ளே சாட்டா டிஸ்க் இருந்தால் போடலாம். ஆனால் 2.5 இன்ச் ரெடிமேட் டிஸ்க்குகள் பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா கனெக்டரே இருக்காது. அப்போது மொபைல் போர்டு சர்வீஸ் செய்பவரிடம் சாக்கெட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அதே மாடலின் வேறு போர்டைப் போடுவது உதவாது. அந்த டிஸ்க்குக்கென்றே அளந்து எழுதிய விவரங்கள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன.

கேள்வி: மாற்றிய டிஸ்க்கை விற்க நினைக்கிறேன். ஃபார்மட் செய்தால் போதுமா? – வாசகர், வேலூர்

பதில்: 'குவிக் ஃபார்மட்' போதாது. அது அட்டவணையை மட்டும் புதுப்பிக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் படங்களை அள்ளிவிடலாம். பழைய பார்ட்டிஷன்களை நீக்கி முழு டிஸ்க்கையும் ஒரே டிரைவாக்குங்கள். பிறகு ஃபார்மட் பெட்டியில் 'குவிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் சுழியை எழுதும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய 3 மணி நேரம், யுஎஸ்பி 2.0 என்றால் 7 முதல் 9 மணி நேரம். இரவு ஓட்டிவிட்டுப் படுக்கலாம். லேப்டாப்பை சார்ஜரில் செருகி, ஸ்லீப்பை அணைத்துவிட்டுப் படுங்கள்.